காதைத் திருடும் வைரஸ்

சனிக்கிழமைகளில் திருநள்ளாற்று நளதீர்த்தத்தில் நெருக்கியடிக்கும் கூட்டத்தில் பெரியவர்களின் இரத்தத்தைச் சோதித்தால், பத்தில் ஒன்பது பேரிடமாவது சைட்டோமெகலோ வைரஸ் புகுந்த தடயம் இருக்கும். இந்தியா முழுக்கவே ஏறக்குறைய இந்த நிலைதான். சின்னம்மை வைரஸைப் போல இதுவும் ஹெர்பிஸ் குடும்பம். சிறுவயதிலேயே எச்சில், சிறுநீர், தாய்ப்பால் வழியாக நுழைந்துவிடும். பலருக்குக் காய்ச்சல்கூட வராது. ஆனால் வந்தது போவதில்லை. எலும்பு மஜ்ஜை செல்களில் ஆயுளுக்கும் பதுங்கிக்கொள்ளும்.

சிம்பன்சிக்கும் ரீசஸ் குரங்குக்கும் இதில் தனித்தனி வகைகள் உண்டு. நம் வைரஸுக்கு மிக நெருங்கிய உறவு சிம்பன்சியினுடையது. இனங்கள் பிரியப் பிரிய வைரஸும் கூடவே பிரிந்து வந்திருக்கிறது. அத்தனை காலப் பழக்கத்தால் நம் நோய் எதிர்ப்பை ஏய்க்கும் வித்தைகள் பல இதற்குத் தெரியும். பதுங்கியது விழிக்கும்; ஒருமுறை வந்தவருக்கே வேறு ரகம் மறுபடி தொற்றும்.

கவலை கருவிலிருக்கும் குழந்தையைப் பற்றியது. நம் ஊரில் பெரும்பாலான தாய்மார்களுக்கு முன்பே எதிர்ப்பாற்றல் இருக்கிறது. அதையும் மீறி வைரஸ் சிசுவைச் சேர்கிறது. தொற்றிய குழந்தைகளில் பத்தில் ஒன்றுக்குத்தான் பிறக்கும்போதே மஞ்சள் காமாலை, சிறுத்த தலை போன்ற அறிகுறிகள் தெரியும். மற்றவை நன்றாகவே இருக்கும். அவற்றிலும் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பின்னாளில் செவித்திறனை இழக்கின்றன. பிறவிச் செவிக்குறைக்கு, மரபணுக் காரணங்களை விட்டால், முதன்மையான காரணம் இதுவே. இதை வெளியில் பேசுபவர்கள் மிகக் குறைவு என்பது வருத்தம்.

கண்டுபிடிக்க, பிறந்த மூன்று வாரத்துக்குள் எச்சிலையோ சிறுநீரையோ சோதிக்க வேண்டும். அதற்குப் பிறகு வைரஸ் தெரிந்தால், கருவில் வந்ததா தாய்ப்பாலில் வந்ததா என்று பிரித்தறிய முடியாது. நிறைமாதக் குழந்தைக்குப் பாலில் வருவதால் கெடுதல் இல்லை. பால் கொடுப்பதை நிறுத்தவே கூடாது. அறிகுறியோடு பிறந்த குழந்தைக்கு வால்கான்சிக்ளோவிர் மருந்தை முதல் மாதத்திலேயே தொடங்கி ஆறு மாதம் கொடுத்தால் கேட்கும் திறன் ஓரளவு காப்பாற்றப்படுகிறது. இரத்த அணுக்களைக் குறைக்கும் மருந்து என்பதால் கண்காணிப்பும் தேவை. தடுப்பூசி இன்னும் வரவில்லை.

வீட்டில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. தொற்றிய சிறுபிள்ளைகளின் எச்சிலிலும் சிறுநீரிலும் மாதக்கணக்கில், சிலசமயம் ஆண்டுக்கணக்கில் வைரஸ் வெளியேறும். இரண்டாவது உண்டாகியிருக்கும் அம்மாக்கள், மூத்தது வைத்த மிச்சச் சோற்றை வீணாக்க மனமின்றித் தாங்களே சாப்பிடுகிறார்கள். அந்த மாதங்களில் மட்டும் அது வேண்டாம். முத்தம் நெற்றியில் இருக்கட்டும். ஈரத்துணி மாற்றியதும் சோப்பால் கை கழுவ வேண்டும்.

காரைக்காலில் பிள்ளை பெற்றுத் திருநள்ளாறு திரும்பும் தாய், பிறந்தவுடன் செய்த காது சோதனை சரியாக இருந்தாலும் அதோடு விட்டுவிடக் கூடாது. இந்த வைரஸ் தொற்றியது உறுதியான குழந்தைக்குப் பள்ளி சேரும் வயதுவரை அந்தச் சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும்.