கருப்பைவாய்ப் புற்றுநோய் தரும் அவகாசம்

புற்றுநோய் என்ற சொல்லைக் கேட்டதும், இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று கைகளைப் பிசைந்து நிற்போர் நம் குடும்பங்களில் பலர். கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு இவ்வச்சம் பொருந்தாது. ஒரு வைரஸ் கிருமியால் தோன்றி, பல ஆண்டுகள் மெல்ல மெல்ல முற்றும் நோய் இது.

ஜெர்மானிய ஆய்வாளர் ஹரால்டு சூர் ஹாவுசன் தம் குழுவினருடன் 1983-இல் இந்நோய்க் கட்டிகளில் மனித பாப்பிலோமா வைரஸின் 16-ஆம் வகையையும், மறு ஆண்டு 18-ஆம் வகையையும் கண்டறிந்தார். அதுவரை அறிஞர் பலர் வேறொரு வைரஸையே ஐயுற்றிருந்தனர். 2008-இல் அவருக்கு நோபெல் பரிசு கிட்டியது. உலகில் இந்நோயுற்றோருள் ஏறத்தாழ நூற்றுக்கு எழுபது பேருக்கு இவ்விரு வகைகளே காரணம்.

உயிரணுக்கள் கட்டின்றிப் பெருகாதபடி காக்கும் சில புரதங்கள் நம் உடலில் உண்டு. இவ்வைரஸ் உண்டாக்கும் இரு புரதங்கள் அக்காவலை முடக்கிவிடுகின்றன. ஆயினும் தொற்று வேறு, புற்றுநோய் வேறு. உடலுறவின் வழியே பரவும் இத்தொற்று மிகச் சாதாரணமானது. பெரும்பாலோரின் உடல் ஓரிரு ஆண்டுகளில் தானே அதனை வென்றுவிடும். கணவன் ஒருவனையே அறிந்த பெண்ணுக்கும் இது வரலாம். ஆகவே நோயுற்றவளின் ஒழுக்கத்தை ஐயுறுவது பெருங்கொடுமை.

நீங்காது தங்கிவிட்ட தொற்றே ஆபத்தானது. அதுவும் புற்றாக முற்றுவதற்குப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். எச்.ஐ.வி. கிருமிக்கு உரிய சிகிச்சை பெறாமல் எதிர்ப்பாற்றல் குன்றியவருக்கோ 5 முதல் 10 ஆண்டுகளே போதும். ஒரு வைரஸ் மற்றொன்றின் வேலையை எளிதாக்கிவிடுகிறது.

இந்த இடைக்காலத்தில் என்ன செய்யலாம் என்பதை உலகுக்குக் காட்டியது நம் திண்டுக்கல் மாவட்டம். 2000-இல் அங்கே தொடங்கிய ஆய்வில், 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களைப் பயிற்சி பெற்ற செவிலியர் சோதித்தனர். விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லை. ஊறுகாயில் சேர்க்கும் வினிகருக்குப் புளிப்புத் தரும் அசிட்டிக் அமிலத்தை நீர்க்கக் கரைத்து, கருப்பைவாயில் தடவி, ஒரு நிமிடம் பொறுத்துப் பார்த்தனர். மாறுதலுற்ற இடம் வெண்மையாகத் தெரியும். தேவைப்பட்டவர்களுக்கு அவ்விடத்தை உறையவைத்து அழிக்கும் சிகிச்சையும் தந்தனர். 2007-இல் 'லான்செட்' இதழில் முடிவு வெளிவந்தது: ஒரே முறை இச்சோதனை நடந்த பகுதிகளில், மற்றப் பகுதிகளைவிட நோய் 25 விழுக்காடும், அதனால் நேரும் இறப்பு 35 விழுக்காடும் குறைவாக இருந்தன.

இதற்குத் தடுப்பூசி 2006 முதல் உண்டு. 9 முதல் 14 வயதுச் சிறுமியருக்குப் போடுவது சிறந்தது. அது புதிய தொற்றைத் தடுக்குமேயன்றி, முன்பே புகுந்த கிருமியை வெளியேற்றாது.

மாதவிலக்கு நின்ற பின்னர் உதிரம் கண்டால் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். எனினும் அறிகுறிக்காகக் காத்திருத்தல் ஆகாது. தொடக்கநிலை மாறுதல் வலியேதும் தராது. ஊசி போட்டுக்கொண்ட மகளும் முப்பது வயதானபின் சோதனைக்குச் செல்லத்தான் வேண்டும். புற்றுநோய் விளைக்கும் எல்லா வகைகளையும் அவ்வூசி தடுப்பதில்லை.