மாடிக் கம்ப்யூட்டருக்கு மின்சாரம்: விட்டத்தை வெட்டாதீர்கள்!

"கேபினட்டைத் தொட்டால் சுருக்கென்கிறதுடா, புதுக் கம்ப்யூட்டரே பழுதா?" என்று ஸ்ரீரங்கத்திலிருந்து மாமா போன் செய்தார். போய்ப் பார்த்தேன். கம்ப்யூட்டரில் ஒரு குறையும் இல்லை. கூடத்தில் இருந்த பழைய இரண்டு துளை பாயிண்டிலிருந்து எக்ஸ்டென்ஷன் வயரை மாடிப்படி வழியே மேலே இழுத்திருந்தார்கள். எர்த் கிடையாது.

எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் மின் இரைச்சலை வடிகட்டும் சிறு கெபாசிட்டர்கள் கேபினட்டோடு இணைந்திருக்கும். எர்த் இல்லையென்றால் 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதி கேபினட்டில் நிற்கும். கரண்ட் மிகக் குறைவு என்பதால் சுருக்கென்பதோடு போயிற்று. உள்ளே ஒரு வயர் கழன்று கேபினட்டில் பட்டிருந்தால் கதையே வேறு.

புது லைன் இழுக்க முடிவு செய்தோம். மூன்று வயர்கள், 2.5 சதுர மி.மீ., 20 மி.மீ. பி.வி.சி. பைப்பில். இங்கேதான் சிக்கல். அது மெட்ராஸ் டெரஸ் வீடு. தேக்கு விட்டங்கள் மேல் செங்கல்லைக் குத்துவாட்டில் அடுக்கிச் சுண்ணாம்புக் காரை போட்ட தளம். எலக்ட்ரீஷியன் ரம்பத்தோடு ஏறிவிட்டார். "கட்டைக்கு அடியில முக்கால் இஞ்ச் வெட்டினா பைப் உள்ள உட்கார்ந்துரும் சார்!"

வேண்டாம் என்று இறக்கினேன். பாரம் ஏறும்போது விட்டத்தின் அடிப்பக்கம் இழுபடுகிறது, மேல்பக்கம் நசுங்குகிறது, நடு உயரத்தில் இரண்டுமே அநேகமாக இல்லை. வளையும் பலம் உயரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 6 இஞ்ச் விட்டத்தில் முக்கால் இஞ்ச் போனால் அந்த இடத்தில் கால் பங்கு பலம் போய்விடும். வெட்டின மூலையிலிருந்து விரிசலும் கிளம்பும்.

துளைத்தே ஆக வேண்டுமென்றால் உயரத்தின் நடுவில், உயரத்தில் கால் பங்குக்கு மிகாத ஒற்றைத் துளை போடலாம். 10 அடி நீள விட்டத்தில் சுவரிலிருந்து இரண்டரை அடிக்கும் 4 அடிக்கும் இடைப்பட்ட பகுதியில் போடுவது பிரிட்டிஷ் கட்டடக்காரர்களின் வழக்கம். தட்டினால் பொத்தென்று கேட்கும் கட்டையை, கரையான் புகுந்ததைத் தொடவே கூடாது.

நாங்கள் துளைக்கவும் இல்லை. விட்டங்கள் உட்காரும் சுவரில், அவற்றுக்குக் கீழாகவே பைப்பை ஓட்டி, இரண்டு விட்டங்களுக்கு நடுவே செங்கல்லில் மட்டும் துளையிட்டு மேலே ஏற்றினோம். கூடத்தின் அழகு போயிற்றென்று மாமிக்கு இன்னும் வருத்தம்தான். எலி கடிக்காமலிருக்கவும் பைப் அவசியம். இன்டர்நெட் வயரை இதே பைப்பில் திணிக்காதீர்கள், அதற்குத் தனிப் பைப்.

மெயினை அணைத்துவிட்டு, லைசென்ஸ் உள்ளவரைக் கொண்டே செய்யுங்கள். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் வைத்துவிடுங்கள். முடிந்ததும் மல்டிமீட்டரால் பார்க்கச் சொல்லுங்கள். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 230 அளவில் காட்ட வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே சில வோல்ட்டுக்கு மேல் கூடாது. எங்களுக்கு 1.4 வந்தது. மாமா கேபினட்டைப் புறங்கையால் இரண்டு முறை தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.