மட்டாஞ்சேரி மிளகுக் கிடங்குக்கு அதிவேக லேசர் வருமா?

2012 இறுதியில் கொச்சிக் கிடங்குகளில் இருந்த ஆயிரக்கணக்கான டன் மிளகுக்கு சீல் வைத்தார்கள். மினரல் ஆயில் கலந்திருக்கிறது என்பது புகார். மாதிரி லேபுக்குப் போய் முடிவு வரும்வரை சரக்கு முடங்கியது. மட்டாஞ்சேரி வியாபாரிக்கு அது எவ்வளவு பெரிய அடின்னு யோசிச்சுப் பாருங்க. கிடங்கிலேயே சோதிக்க முடிந்தால்? அதற்கு உதவக்கூடிய கருவிகளில் ஒன்று அதிவேக லேசர்.

எது அதிவேகம்?

ஒளியின் வேகம் மாறாது. துடிப்புதான் குட்டி. 100 ஃபெம்டோ செகண்ட், அதாவது ஒரு நொடியைப் பத்து லட்சம் கோடியாக வெட்டினால் ஒரு துண்டு. அதற்குள் ஒளியே 0.03 மி.மீ.தான் நகரும். நொடிக்கு 10 கோடி துடிப்பு, சராசரி சக்தி 1 வாட் என்றால், ஒவ்வொரு துடிப்பின் உச்சமும் சுமார் 1 லட்சம் வாட்! மொத்தச் சூடு குறைவு, ஆனால் மூலக்கூறுகளை அதிரவைத்து அடையாளம் காண இது போதும். திசுவை வெட்டாமலே உள்ளே படமெடுக்கும் டூ-ஃபோட்டான் மைக்ரோஸ்கோப்பும் (1990, கார்னெல்) இதை நம்பியதுதான்.

ஏன் லேபை விட்டு வெளியே வரவில்லை?

பழைய ராஜா டைட்டானியம்-சஃபையர் லேசர். அதற்குத் தனியாக ஒரு பச்சை லேசர், கூலிங், அதிர்வு தாங்கும் மேசை, ஏசி அறை எல்லாம் வேணும். கண்ணாடி துளி நகர்ந்தால் துடிப்பு நின்றுவிடும். விலை பெரும்பாலும் கோடியில். மட்டாஞ்சேரி உப்புக்காத்துல அதை வச்சுப் பார்க்கவே பயமா இருக்கும்.

மாற்று, உங்கள் இன்டர்நெட்டிலேயே இருக்கிறது. கொச்சியில் கரையேறும் 'சேஃப்' கடலடி கேபிளில் ஒளியைப் பெருக்குவது எர்பியம் கலந்த ஃபைபர். அதே ஃபைபர், அதே ரக டயோடுகளை வைத்து லேசரும் செய்யலாம். டெலிகாம் சந்தை இந்த பாகங்களின் விலையை ஏற்கெனவே இறக்கிவிட்டது. ஒளி கண்ணாடி இழைக்குள்ளேயே ஓடுவதால் அலைன்மென்ட் தொல்லையும் குறைவு. 1,560 நானோமீட்டர் ஒளியை ஒரு படிகம் வழியே அனுப்பி 780 ஆக்கினால், பழைய ராஜாவின் வேலைகளில் பலவற்றைச் செய்துவிடும்.

சிக்கலே இல்லையா? இருக்கு. சூட்டிலும் வளைவிலும் சாதா ஃபைபரில் போலரைசேஷன் மாறி, துடிப்பு தடுமாறும். அதைத் தாங்கும் சிறப்பு ஃபைபர் விலை கூடுதல். என் கணக்கில் இங்கே கஞ்சத்தனம் கூடாது.

மிளகில் இன்னொரு தலைவலி: மிளகின் சொந்த எண்ணெயிலும் மினரல் ஆயிலிலும் இருப்பது அதே கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்பு. ஒரே அதிர்வைப் பார்த்துத் தீர்ப்பு சொல்ல முடியாது. முழு நிறமாலையையும் பிரித்துப் படிக்கும் மென்பொருள் வேணும். லேசர் பக்கத்துக்கு, களமசேரியில் குசாட்டின் இன்டர்நேஷனல் ஸ்கூல் ஆஃப் போட்டோனிக்ஸ் 1995லிருந்தே ஆட்களை உருவாக்குகிறது. ஃபிசிக்ஸ் படித்துவிட்டு கோடிங்குக்குப் போனவரா நீங்கள்? மென்பொருள் பக்கத்தில் உங்களுக்கு வேலை இருக்கிறது.