நடுவயதில் உணவு: விலக்குவதும் ஈடுசெய்வதும்

நாடு விடுதலை பெற்ற காலத்தில் இந்தியரின் சராசரி ஆயுட்காலம் சுமார் 32 ஆண்டுகள். இன்று அது 70 ஆண்டுகளை ஒட்டி நிற்கிறது. ஆகவே, 45 வயதைக் கடந்த பின்னும் இருபது, முப்பது ஆண்டுகள் உழைத்து வாழ வேண்டிய மக்களின் தொகை பெருகியுள்ளது. இவ்வயதில் சிலருக்குப் பழகிய உணவே தொல்லை தருகிறது. பால் அருந்தினால் வயிறு உப்புகிறது. கோதுமை உண்டால் வயிற்றுப்போக்கு உண்டாகிறது. "எனக்கு ஆகாது" என்று அவ்வுணவை அடியோடு விட்டுவிடுவதே பொதுவான வழக்கம். ஆனால், சில சத்துகள் உடலுக்கு மிகுதியாகத் தேவைப்படும் பருவமும் இதுவே. எனவே, எதை விலக்குவது என்பதோடு, எதைக் கொண்டு ஈடுசெய்வது என்பதும் ஆராயத்தக்கது.

உடலில் நேரும் மாற்றங்கள்

நாற்பது வயதுக்குப் பின் தசையின் அளவு படிப்படியாகக் குறைகிறது. நம் நாட்டுப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதில் மாதவிடாய் நின்றுவிடுகிறது. அதையடுத்த சில ஆண்டுகளில் எலும்பின் அடர்த்தி விரைவாகக் குறைகிறது. இதனால்தான் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020ஆம் ஆண்டு வெளியிட்ட பரிந்துரையில், வயது வந்தோருக்கு நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராம் கால்சியம் என்றும், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு 1,200 மில்லிகிராம் என்றும் வரையறுத்துள்ளது.

பாலும் எலும்பும்

பாலிலுள்ள லாக்டோஸ் என்னும் சர்க்கரையைச் செரிக்க லாக்டேஸ் என்னும் நொதி தேவை. உலகில் பெரும்பாலோருக்குக் குழந்தைப் பருவத்துக்குப் பின் இந்நொதி குறைந்துவிடுகிறது. இந்தியாவில் இக்குறைபாடு வடக்கைவிடத் தெற்கில் மிகுதி. இது ஒவ்வாமை அன்று. பாலிலுள்ள புரதத்தை உடலின் எதிர்ப்பாற்றல் பகையாகக் கருதுவதே ஒவ்வாமை. அந்நிலையில் சிறிதளவு பாலும் தீங்கு செய்யலாம். லாக்டோஸ் செரியாமையோ அளவைப் பொறுத்தது. 200 மில்லிலிட்டர் பாலில் ஏறக்குறைய 10 கிராம் லாக்டோஸ் உள்ளது. செரியாமை உடையவர்களில் பலர், இவ்வளவு பாலை உணவோடு சேர்த்து அருந்தினால் தாங்கிக்கொள்கின்றனர். தயிரில் நுண்ணுயிர்கள் லாக்டோஸின் ஒரு பகுதியைச் சிதைத்துவிடுவதால் அது எளிதில் செரிக்கும்.

பாலை அறவே நீக்க நேர்ந்தால் கால்சியத்துக்கு வேறு வழி காண வேண்டும். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் உண்டு. அதே அளவு பாலில் இருப்பதைப் போல இது ஏறத்தாழ மூன்று மடங்கு. எள், முருங்கைக்கீரை, முள்ளோடு உண்ணும் சிறுமீன் ஆகியவையும் உதவும்.

கோதுமையும் குடலும்

கோதுமை, பார்லி ஆகியவற்றிலுள்ள குளூட்டன் என்னும் புரதத்தால் சிலரது சிறுகுடலின் உட்சுவர் சிதைகிறது. இதுவே சீலியாக் நோய். வட இந்தியாவில் நூற்றில் ஒருவர் அளவுக்கு இது காணப்படுகிறது. நடுவயதில் இது வயிற்று நோயாக அன்றி, மருந்துக்கு இணங்காத இரத்தசோகையாகவோ எலும்புத் தேய்வாகவோ வெளிப்படுவதும் உண்டு. இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. சோதனைக்கு முன்னரே கோதுமையை நிறுத்திவிட்டால் இரத்தப் பரிசோதனையில் நோய் புலப்படாமல் போகலாம். ஆகவே, முதலில் சோதனை, பின்னரே விலக்கு என்பதே முறை.

நோய் உறுதியானால் விலக்கு முழுமையாக இருத்தல் வேண்டும். அரிசி, கேழ்வரகு, சோளம், கம்பு ஆகியவற்றில் குளூட்டன் இல்லை. ஆனால், கோதுமை அரைத்த இயந்திரத்திலேயே கம்பையும் அரைத்தால் குளூட்டன் கலந்துவிடும். கடைகளில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்திலும் கோதுமை மாவு சேர்க்கப்படுவதுண்டு.

அரசு செய்துள்ளதும் செய்யத்தக்கதும்

உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதிகளின்படி, பால், குளூட்டன் உள்ள தானியம், நிலக்கடலை, முட்டை, மீன், சோயா முதலியவை சேர்ந்திருப்பதைப் பொட்டலத்தின் மீது குறிப்பிட வேண்டும். இது பயன்மிக்க ஏற்பாடே. எனினும், சில்லறையாக நிறுத்து விற்கும் மாவுக்கும் தின்பண்டத்துக்கும் இப்பாதுகாப்பு எட்டுவதில்லை.

தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், 2013, முன்னுரிமைக் குடும்பங்களில் தலைக்கு மாதம் 5 கிலோ தானியம் பெறும் உரிமையை வழங்குகிறது. அரிசி, கோதுமையோடு சிறுதானியங்களும் அச்சட்டத்தில் இடம்பெற்றுள்ளன. கர்நாடகத்தில் கேழ்வரகும் சோளமும் நியாயவிலைக் கடைகளில் வழங்கப்படுகின்றன. ஆயினும், கோதுமையே பெரிதும் வழங்கப்படும் மாவட்டங்களில், சீலியாக் நோயுள்ள ஏழை ஒருவருக்கு அவ்வுரிமை ஏட்டளவில் நின்றுவிடுகிறது. மருத்துவச் சான்றின் பேரில் அவரது பங்கை அரிசியாகவோ சிறுதானியமாகவோ மாற்றித் தருவது நிர்வாகத்துக்குப் பெருஞ்சுமையாகாது. முப்பது வயது கடந்தோருக்கு ஆரம்ப சுகாதார நிலையங்களில் நீரிழிவும் இரத்த அழுத்தமும் பரிசோதிக்கப்படுகின்றன. அவ்வேளையில், "எந்த உணவை நிறுத்தினீர்கள்? அதற்கு ஈடாக என்ன உண்கிறீர்கள்?" என்ற இரு கேள்விகளையும் சேர்த்துக் கேட்கலாம்.

ஆயுளை நீட்டியது நாட்டின் சாதனை. அவ்வாயுளை வலிமையோடு வாழச் செய்வது, தட்டிலிருந்து ஒன்றை எடுக்கும்போதே அவ்விடத்தில் வேறொன்றை வைப்பதில் அடங்கியுள்ளது.