மரபும் பழக்கமும்

"தாத்தாவுக்கு இரத்தக் கொதிப்பு, அப்பாவுக்கும் வந்துவிட்டது, எனக்கும் வரத்தானே செய்யும்!" என்று சலித்துக்கொள்வோர் பலர். இக்கூற்றில் பாதி உண்மை உண்டு. மற்றொரு பாதியையும் அறிந்துகொள்வது இளமையிலேயே இன்றியமையாதது.

இரத்த அழுத்தம்

இதயம் உந்தித் தள்ளும் இரத்தம், இரத்தக் குழாய்களின் சுவர்மீது செலுத்தும் விசையே இரத்த அழுத்தம். வளர்ந்தோர்க்கு இது இதயம் சுருங்கும்போது 120, விரியும்போது 80 மில்லிமீட்டர் பாதரசம் என்னும் அளவையொட்டி இருப்பது இயல்பு. வெவ்வேறு நாள்களில் அளந்தும் 140/90 என்ற அளவிலோ அதற்கு மேலோ நீடித்தால் அஃது உயர் இரத்த அழுத்தமாகும். பெரும்பாலும் அறிகுறி காட்டாமலேயே இதயம், மூளை, சிறுநீரகம், கண் ஆகியவற்றை அது சிதைக்கிறது.

மரபின் பங்கு

ஒற்றை மரபணுவின் பிழையால் இந்நோய் தோன்றுவது மிக அரிது. 1963-இல் அமெரிக்க மருத்துவர் கிராண்ட் லிடில் விளக்கிய நோய் அத்தகையது. அந்நோயாளர்களின் சிறுநீரகம், வெளியேற்ற வேண்டிய உப்பைத் தேக்கிக்கொள்கிறது. உப்புடன் நீரும் தேங்குவதால் அழுத்தம் உயர்கிறது. ஏனையோரிடம் நூற்றுக்கணக்கான மரபணு வேறுபாடுகள் ஒவ்வொன்றும் சிறிதளவே அழுத்தத்தைக் கூட்டுகின்றன. எனவே, பெற்றோரிடமிருந்து நாம் பெறுவது நோயையன்று, நோய்க்கான சாய்வையே.

பழக்கத்தின் வலிமை

பிரிட்டனில் ஏறத்தாழ 2,77,000 பேரின் மரபணுக் கூறுகளையும் வாழ்க்கை முறையையும் ஒப்பிட்ட ஆய்வு 2018-இல் வெளிவந்தது. நல்ல பழக்கங்களை உடையோரின் சுருங்கழுத்தம், அவை இல்லாதோரைவிட ஏறத்தாழ 4 முதல் 5 மில்லிமீட்டர் குறைந்திருந்தது. மரபுவழி இடர் குறைந்தோர், மிகுந்தோர் ஆகிய இரு சாராரிடமும் இவ்வேறுபாடு காணப்பட்டது. மரபுச் சாய்வு உள்ளோருக்கும் நற்பழக்கம் பயன் தரும் என்பதற்கு இது சான்றாகும்.

செய்யத்தக்கவை

நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். இஃது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி அளவு. ஊறுகாய், அப்பளம், கருவாடு, பொட்டலத் தின்பண்டங்கள் ஆகியவற்றில் மறைந்துள்ள உப்பும் இக்கணக்கில் அடங்கும். கீரை, காய், கனி, பயறு வகைகளை மிகுதியாக உண்ணலாம். மாணவப் பருவத்தினர் நாள்தோறும் ஒரு மணி நேரம் ஓடியாடுதல் நன்று. உடல் எடையைப் பேணுதலும் போதிய உறக்கமும் உதவும். புகையும் மதுவும் அறவே வேண்டா.

நற்பழக்கம் மருந்துக்கு மாற்றன்று. மருந்து உட்கொள்ளும் பெரியோர், உடல் நலமாக இருப்பதாகத் தோன்றினாலும் மருத்துவரைக் கேளாமல் அதை நிறுத்தலாகாது. குடும்பத்தில் எவருக்கேனும் இந்நோய் இருப்பின் ஏனையோரும் தம் அழுத்தத்தை அவ்வப்போது அளந்தறிதல் வேண்டும். குடும்ப வரலாறு அஞ்சுவதற்குரியதன்று. முன்னரே விழித்துக்கொள்ள உதவும் செய்தியாகும்.