ஆனந்தமங்கலம் சினகிரிப்பள்ளி: ஒரு சிறு சமணப் பள்ளியின் நிலைபேறு

முன்னுரை

சென்னையின் தென்புறநகரான தாம்பரமும் மதுராந்தகம் வட்டாரச் சிற்றூரான ஆனந்தமங்கலமும் இன்று செங்கல்பட்டு மாவட்டத்தில் அடங்குவன; பண்டு இரண்டும் தொண்டைமண்டலத்தின் பகுதிகள். தாம்பரத்துக்கு வடக்கே பல்லாவரத்தில் உள்ள குடைவரை, முதலாம் மகேந்திரவர்மன் என்னும் பல்லவ அரசனால் குடைவிக்கப்பட்டது. தெற்கே ஒரத்திக்கு அருகில் ஆனந்தமங்கலத்துப் பாறைகளில் தீர்த்தங்கரர், இயக்கி உருவங்கள் புடைப்புச் சிற்பங்களாக உள்ளன. அங்குள்ள சோழர் காலக் கல்வெட்டு, அவ்விடத்துப் பள்ளியைச் ‘சினகிரிப்பள்ளி’ எனக் குறிக்கிறது. இங்குக் கொடையாளர் அரசர் அல்லர். ஒரு துறவியின் மாணாக்கர். அச்சிறு பள்ளி எதனைக் கொண்டு நிலைபெற்றது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

கல்வெட்டும் கொடையும்

கல்வெட்டு முதலாம் பராந்தக சோழனின் 38ஆம் ஆட்சியாண்டைச் சார்ந்தது, அதாவது கி.பி. 945. விநபாசுர குரவடிகளின் மாணாக்கரான வர்த்தமானப் பெரியடிகள், சினகிரிப்பள்ளியில் நாள்தோறும் அடிகள் ஒருவருக்கு உணவளிக்க 5 கழஞ்சு பொன் வழங்கினார். கழஞ்சை ஏறத்தாழ 5 கிராம் எனக் கொண்டால், கொடை 25 கிராம் அளவினது.

சோழர் காலத்துப் பொன்கொடைகளில் முதலைச் செலவிடாது, அதன் பொலிசையால் அறத்தை நடத்துவதே பொதுமரபு. பொன்னைப் பெற்றவர் ஆண்டுதோறும் நெல்லாகவோ பிற பொருளாகவோ பொலிசை அளப்பர். எனவே இத்தகைய கொடை ஒருநாள் விருந்தன்று. கொடையாளர் காலத்துக்குப் பின்னும் தொடர வேண்டிய கடமை.

சமணத் துறவியர் ஓரிடத்தில் நிலையாகத் தங்காது இயங்குதல் நெறி. மழைக்கால நான்கு திங்கள் மட்டும் ஓரிடத்தில் உறைவர். அவ்வாறாயின், நாள்தோறும் ஒருவருக்கு உணவு என்னும் ஏற்பாடு எதனை உணர்த்துகிறது? உண்பவர் மாறலாம், ஆயினும் ஆண்டு முழுவதும் யாரேனும் ஓர் அடிகள் அங்கு இருப்பார் என்ற எதிர்பார்ப்பு அதில் அடங்கியுள்ளது. சினகிரிப்பள்ளி வழிபாட்டுக்குரிய பாறையாக மட்டும் அமையாமல் உறைவிடமாகவும் இயங்கியது என்பதற்கு இக்கொடையே சான்று.

ஒப்பீட்டுச் சான்றுகள்

அதே 38ஆம் ஆட்சியாண்டில், ஆர்க்காட்டுப் பகுதி விளாப்பாக்கத்தில் அரிட்டநேமிப் பிடாரரின் மாணாக்கியான பட்டினிக் குரத்தி அடிகள் கிணறு ஒன்றை அமைத்தார். அக்கல்வெட்டு ‘பெண்பள்ளி’ என்ற சொல்லையும் வழங்குகிறது. இரு கல்வெட்டுகளிலும் கொடையாளர் தம் ஆசிரியர் பெயராலேயே அறியப்படுகின்றனர். ஓரிடத்தில் உணவு, மற்றோரிடத்தில் நீர். இரண்டும் ஆசிரியர் மாணாக்கர் வழித்தொடரில் வந்த கொடைகள்.

வந்தவாசி அருகிலுள்ள வேடல், இதற்கு மாறான பேரளவைக் காட்டுகிறது. முதலாம் ஆதித்த சோழனுடையதாகக் கருதப்படும் 14ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, கனகவீரக் குரத்தியாரோடு 500 மாணாக்கரையும் குறிக்கிறது. துறவியரிடையே பூசல் எழுந்தபோது, குரத்தியாரையும் அவர்தம் மாணாக்கரையும் காத்து உணவளிக்கும் பொறுப்பை ஊரார் ஏற்றனர். பேரளவான பள்ளிக்கும் ஊராரின் உறுதி வேண்டியிருந்தது. சிறு பள்ளிக்கு ஒரு மாணாக்கரின் பொன்னே துணையாயிற்று.

இக்கொடைகள் அமைதி குலைவதற்குச் சற்று முற்பட்டவை. கி.பி. 949இல் தக்கோலப் போரில் பராந்தகனின் மகன் இராசாதித்தன் வீழ்ந்தான். இராட்டிரகூட அரசன் மூன்றாம் கிருட்டிணன் தொண்டைமண்டலத்தைக் கைப்பற்றினான். ‘சந்திராதித்தர் உள்ளவரை’ என்ற கருத்தில் அமைந்த அறங்கள், அரசு மாறும் நிலத்தில் பொலிசை அளப்பவரின் நேர்மையையே சார்ந்து நின்றன.

எஞ்சியவையும் இழந்தவையும்

செங்கல், மரம், கூரை ஆகியவற்றால் அமையும் உறைவிடங்கள் அழியக்கூடியவை. பாறைச் சிற்பம் நிலைக்கக்கூடியது. இதனால் ஒரு பள்ளியை அதன் சிற்பங்களாலேயே மதிப்பிடும் வழக்கம் ஏற்படுகிறது. ஆனந்தமங்கலத்தில் கல்வெட்டு இல்லையெனில், உண்டு உறைந்த துறவியரை இன்று அறிய வழியில்லை.

இதன் மறுபுறமும் கருதத்தக்கது. தாம்பரத்தை அடுத்த பள்ளிக்கரணை போன்ற ஊர்ப்பெயர்களில் ‘பள்ளி’ என்ற சொல் இருப்பது கொண்டே அங்குச் சமண மடம் இருந்தது எனத் துணிதல் பொருந்தாது. பள்ளி என்பது உறைவிடம், சிற்றூர், துயிலிடம், கல்விக்கூடம் எனப் பல பொருள் தரும் சொல். பெயர் ஆய்வைத் தொடங்கி வைக்கலாம். முடிவைக் கல்வெட்டும் தொல்பொருளுமே தரவேண்டும்.

முடிவுரை

சினகிரிப்பள்ளியின் சிறுமை அதன் குறையன்று. ஒருவருக்கு ஒருநாள் உணவு என்ற அளவில் கணக்கிட்டு, அதனைத் தலைமுறைகளுக்கு உறுதி செய்த நிறுவனம் அது. தொண்டைமண்டலத்தில் சமணம் வாழ்ந்த முறையை அரசரின் பெருங்கொடைகளைவிட இத்தகைய சிறு கணக்குகள் தெளிவாக உணர்த்துகின்றன. ஆகவே பாதுகாப்பு என்பது சிற்பமுள்ள பாறையோடு முடிவதன்று. துறவியர் உண்டு உறைந்த தடயம் சுற்றியுள்ள மண்ணில்தான் எஞ்சியிருக்க முடியும். தாம்பரத்துக்குத் தெற்கே நெடுஞ்சாலை வழியே வீட்டுமனைகள் பெருகிவரும் இக்காலத்தில், இத்தகைய இடங்களின் சுற்றுநிலத்தை மேற்பரப்பாய்வு செய்து பதிவுசெய்தல் முதற்பணியாக வேண்டும். கல்வெட்டைப் படியெடுத்தாயிற்று, அது குறிக்கும் பள்ளியைத் தேடும் பணி எஞ்சியுள்ளது.