மண்ணில் கிடைக்கும் பழங்கண்ணாடி: நகையாக்கும் முன் அறிய வேண்டிய சட்டம்

ரோமானியர் காலத்துக் கண்ணாடி உடைசல்களை வெள்ளியில் பதித்து, தொங்கட்டான், மோதிரம் என்று இஸ்ரேலிலும் இணையக் கடைகளிலும் விற்கிறார்கள். அவற்றின் மேல் ஓடும் வானவில் மினுக்கத்துக்குத்தான் விலை. பல நூற்றாண்டுகள் ஈரமண்ணில் கிடந்து, கண்ணாடியிலுள்ள சோடா கரைந்து, மேற்பரப்பு மெல்லிய ஏடுகளாகப் பிரிவதால் வரும் மினுக்கம் அது.

அந்தச் சரக்கு நம் கரைக்கும் வந்திருக்கிறது. 1945-இல் தொல்லியலாளர் மார்டிமர் வீலர் அகழ்ந்த, புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் ரோமானியக் கண்ணாடிக் கிண்ணத் துண்டுகள் கிடைத்துள்ளன. கண்ணாடி மணிகளும் அவ்வூரிலேயே செய்யப்பட்டன. அதற்கு முன்பே, 1937-இல், பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ரேய் அங்கிருந்த சிறுவர்களிடம் பழம்பொருள்களை விலைக்கு வாங்கினார். அப்படிக் கைமாறும் மணி எந்த மண்ணடுக்கில், எதனோடு கிடந்தது என்பதை யாராலும் மீட்க முடியாது. பட்டை தீட்டித் துளையிட்டால் மேலேடும் போய்விடும்.

திருவள்ளூர் மாவட்டத்துப் பட்டறைப்பெரும்புதூரில் 2015-16-இல் நடந்த மாநிலத் தொல்லியல் துறை அகழாய்வு, கற்காலம் முதலே மக்கள் வாழ்ந்த தடயங்களைக் காட்டியது. எனவே அதே மாவட்டத்து ஆரணி, கும்மிடிப்பூண்டிப் பக்கம் வீட்டுக்கோ ஆலைக்கோ கடைக்கால் தோண்டுபவர்களும் கவனமாக இருக்க வேண்டும்.

1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடந்த பொருள் 10 ரூபாய்க்கு மேல் பெறுமானால், அது என்ன, எங்கே, எப்போது கிடைத்தது என்று மாவட்ட ஆட்சியருக்கு எழுதித் தர வேண்டும். உரியவர் இல்லை என்று முடிவானால், வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில், கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு. அரசே எடுத்துக்கொண்டால் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் தர வேண்டும். சொல்பவருக்கு நியாயமான பலன் தரும் இந்த ஏற்பாடு பரவலாகத் தெரிய வேண்டும். மறைத்தால் பங்கும் போகும். ஓராண்டு வரை சிறையும் உண்டு.

1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் 100 ஆண்டு கடந்த பொருள்களுக்கானது. அவற்றை உரிமம் இல்லாமல் வாங்கி விற்கும் தொழில் குற்றம். தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பினால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை. உறவினருக்கு மாலையாகக் கோத்து அனுப்பினாலும் அப்படித்தான். பொருள் பழையதா என்ற ஐயத்தை இந்தியத் தொல்லியல் துறையே தீர்க்கும்.

கிடைத்த துண்டைத் தேய்த்துக் கழுவாமல், கிடந்த இடத்தைப் படமெடுத்து, காகிதத்தில் பொதிந்து வைப்பது நல்லது.

புதுக் கண்ணாடியை ரோமானியக் கண்ணாடி என்று விற்று ஏமாற்றினால், ரசீதுடன் 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை; 1915 என்ற உதவி எண்ணும் உண்டு.